புருவத்தில் ஒரு வெட்டு

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு புகைப்படம் கிடையாது. அவன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், திண்டிவனம் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வரலாம் என்று நைனா கூப்பிட்டார். அண்ணன் கேட்கவில்லை. "அங்க போயி எடுத்து அனுப்பறேன் நைனா. ரங்கூன்ல எடுத்தா மேல கலர் பூசித் தருவாங்களாம்" என்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. அரிசி மில் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. மாதம் ஒரு கடிதம் வந்தது. படம் மட்டும் வரவில்லை. பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதோடு கடிதமும் நின்றது.

எங்கள் தெரு செஞ்சிக் கடைத்தெருவிலிருந்து ஒன்றரை மைல். கிறிஸ்தவர்கள் தெரு என்பதால் வேதக்காரர் தெரு என்பார்கள். நைனாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அம்மா இரண்டு எருமை வைத்துக்கொண்டு கடைத்தெரு வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். பள்ளிக்கூடம் போகிற வழி என்பதால் நானும் கூடப் போவேன். கடைசியாகப் பால் ஊற்றுகிற வீடு ஜவுளிக்கடைக்காரர் வீடு. அந்த வீட்டு மருமகளால்தான் எனக்குப் படம் பார்க்கிற பைத்தியம் பிடித்தது.

அவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காஞ்சிபுரத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவளுக்குச் சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். யுத்த காலத்தில் பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின. மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். பஸ் வராத வெள்ளிக்கிழமைகளில் அக்காவின் முகம் வாடிப்போயிருக்கும். வந்துவிட்டால், பால் ஊற்றப் போகிற சனிக்கிழமைக் காலையில் கொல்லைப்புறக் கிணற்றடியில் என்னை உட்காரவைத்துக்கொள்வாள்.

"கதையப் படிக்காத. மொதல்ல படத்தப் பாரு. இவ எதுக்கு அழுவறா சொல்லு" என்பாள்.

கதையின் தலைப்பை உள்ளங்கையால் மறைத்துவிடுவாள். படத்தை மட்டும் வைத்து நாங்கள் இருவரும் ஒரு கதை கட்டுவோம். அதற்குப் பிறகுதான் உண்மையான கதையைப் படிப்போம். எழுதியவர் கதையைவிட எங்கள் கதை நன்றாக இருந்த நாட்களும் உண்டு. தொடர்கதைப் பக்கங்களை அவள் வாராவாரம் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்துச் சேர்த்து வைப்பாள். பழைய அட்டைப்படங்களை எனக்குத் தருவாள்.

எங்கள் வீட்டுச் சுவரில் அதுவரை மூன்று படங்கள்தான் இருந்தன. இருதய ஆண்டவர், மாதா, அந்தோணியார். மூன்றும் புதுச்சேரியில் வாங்கியவை. முதன்முதலாக நான் கொண்டுவந்த அட்டைப்படத்தில் ஒரு பெண் செம்பருத்திப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ திரும்பிப் பார்ப்பாள். அதை மாதாவுக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "சாமிக்குப் பக்கத்துல இவ யாருடி மினுக்கி?" என்று கிழித்தெடுத்து அடுப்பங்கரைச் சுவருக்கு மாற்றினாள். அதற்குப் பிறகு வந்த படங்களெல்லாம் அடுப்பங்கரைக்கே போயின. புகை பட்டுப் பட்டு எல்லாப் பெண்களும் ஒரே நிறமானார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் எந்தப் படம் யார் கை என்று எங்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒருவர் போட்டால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே கழுத்து. இன்னொருவருக்கு நகை என்றால் உயிர். முகம் அவசரத்தில் இருக்கும், மூக்குத்தியில் ஒவ்வொரு கல்லும் தெரியும். எனக்குப் பிடித்தவர் வேறு ஒருவர். படத்தின் மூலையில் அவர் போடுகிற கையெழுத்து ஒரு வாத்து நீந்துவது மாதிரி இருக்கும். மற்றவர்கள் பாதம் வரைய வேண்டிய இடத்தில் புல்லைப் போட்டு மறைத்துவிடுவார்கள், அல்லது சேலை தரையில் புரளும். வாத்துக்காரர் பாதங்களை மறைக்கவே மாட்டார். விரல் விரிந்து, குதிகால் வெடித்து, நகத்தில் மண் இருக்கும். ராணியை வரைந்தாலும் கால் நடந்த கால்தான். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அந்தக் கால்தான் இருந்தது. ஆண்டவர் படத்திலும் மாதா படத்திலும் பாதங்கள் ரோஜா நிறத்தில் இருக்கும். எனக்கு வாத்துக்காரரைப் பிடித்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

யுத்தம் முற்றியபோது காகிதத்துக்குப் பஞ்சம் வந்தது. பத்திரிகை பாதியாக இளைத்தது. அட்டையில் மூன்று வண்ணம் போய் இரண்டானது, பிறகு வெறும் கறுப்பு. தாள் பழுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. விரலால் தடவினால் நெருடும். "மூஞ்சில தவிட்டப் பூசின மாதிரி கீது பாரு" என்று அக்கா வருத்தப்படுவாள். அந்த நாட்களில்தான் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களைப் பற்றி ஒரு தொடர்கதை தொடங்கியது. படம் வாத்துக்காரர்.

எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணன் கடிதம் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அன்று சனிக்கிழமை. அம்மா கொல்லைக் கதவருகே பாலை அளந்துகொண்டிருந்தாள். நானும் அக்காவும் கிணற்றடியில் பத்திரிகையைப் பிரித்தோம். ஒன்பதாம் பக்கம் முழுவதும் ஒரே படம். காட்டுப் பாதை. ஓர் இளைஞன் ஒரு கிழவியை முதுகில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறுகிறான். அவன் கால் சேற்றில் பதிந்து, விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. முகத்தை நம் பக்கம் பாதி திருப்பியிருக்கிறான்.

எங்கள் பேச்சு நின்றுபோனதைக் கவனித்துத்தான் அம்மா நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாடி அது?"

நான் பத்திரிகையை மூட முயன்றேன்.

"அத்த இங்க காட்டு."

அம்மா கையில் பால் படியோடு வந்து குனிந்தாள். படியிலிருந்த பால் வழிந்து கிணற்றடிக் கல்லில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. "எம் புள்ளடி இது" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "சின்னம்மா, இது எம் புள்ள" என்று இன்னொரு முறை சொன்னாள்.

முகத்தை மட்டும் பார்த்து அவள் அப்படிச் சொல்லவில்லை. அண்ணன் சிறுவனாக இருந்தபோது ராஜகிரிப் பாறையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு இறங்குகையில் விழுந்து இடது புருவம் கிழிந்தது. ஆறின பிறகு அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. புருவம் இரண்டு துண்டாக நின்றது. படத்தில் இருந்தவனுக்கும் இடது புருவத்தில், அதே கடைக்கோடியில், ஒரு வெட்டு இருந்தது.

நான் எத்தனையோ படம் பார்த்தவள். படம் போடுகிறவர்கள் மனசிலிருந்துதான் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு புருவத்தை அந்த இடத்தில் அப்படி வெட்ட யாருக்குத் தோன்றும்? நானும் நம்பினேன். அக்கா உடனே ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்தாள். பின்னால் அந்தத் தொடர்கதையை அவள் தைத்தபோது அந்த ஒரு தாள் இல்லாமலேதான் தைத்தாள். வேறு பிரதி வாங்கிச் சேர்க்க அவள் நினைக்கவில்லை.

பத்திரிகை ஆபீஸுக்கு அக்காதான் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஒரு கார்டு வந்தது. கீழே வாத்து நீந்தியது. பர்மாவிலிருந்து தப்பியவர்கள் ரயிலில் வந்து இறங்கிய நாட்களில் சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து பலரை நேரில் பார்த்து வரைந்ததாகவும், இந்த முகமும் அப்படி வரைந்ததுதான் என்றும், யாரையும் பெயர் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார். நோட்டு தன்னிடம் இருக்கிறது, வர முடிந்தால் வந்து பார்க்கலாம் என்று முடித்திருந்தார்.

நேரில் பார்த்தது. அந்த ஒரு சொல்லே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "பேரு கேக்காம மூஞ்சிய மட்டும் எழுதினவங்கிட்ட போயி இன்னாத்தக் கேப்ப?"

"எனக்கு மூஞ்சிதான் வேணும்."

"அவன் பட்டணம் வந்திருந்தா ஊருக்கு வர மாட்டானா? வழியா தெரியாது?"

"சீக்கா இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரில கெடக்கறானோ."

மறுநாள் விடிந்ததும் எங்களை நைனாவே பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் கிளம்பும்போது என்னிடம் மட்டும், "அம்மாவப் பாத்துக்கோ" என்றார்.

திண்டிவனம் வரை பஸ், அங்கிருந்து ரயில். எழும்பூரில் இறங்கி, விலாசத்தைக் காட்டிக் காட்டி நடந்தோம். அம்மா ஒன்பதாம் பக்கத்தை மடிக்காமல், ஜெபப் புத்தகம் இரண்டுக்கு நடுவில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. உள்ளே பனியன் போட்ட ஒருவர் சன்னல் பக்கம் சாய்மேஜையில் குனிந்திருந்தார். பெரியவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுதான் இருக்கும். சுண்டுவிரல் ஓரம் முழுக்க மை. செருப்புக் கழற்றிய அவருடைய பாதங்களை நான் முதலில் பார்த்தேன். நகரத்துக் கால்தான், மெல்லியதாக இருந்தது.

நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்தாள். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் பிரித்தார்.

ரயிலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் முன்னால் வந்தார்கள். மூட்டைமேல் தலை சாய்த்துத் தூங்குகிற பெண். தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற குழந்தை. துணி சுற்றிய பாதங்கள், ஒரு பக்கம் முழுவதும் வெறும் பாதங்கள். எல்லாம் பென்சிலில் அவசரமாகப் போட்டவை. பத்திரிகையில் அவர் போட்ட எந்தப் படமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. அந்த நேரத்திலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குள் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துத் தள்ளினாள். நடுவில் ஒரு பக்கம் வந்ததும் அவர், "இதாம்மா" என்றார்.

பென்சிலில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். தாடை அகலமாக இருந்தது. இரண்டு புருவமும் முழுசாக இருந்தன.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு வேற" என்றாள். பிறகு ஒன்பதாம் பக்கத்தை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தாள். "இங்க ஒரு வெட்டு இருக்குது பாருங்க சாமி. இத எங்கிருந்து போட்டீங்க?"

"நான் வெட்டு எதுவும் போடலையேம்மா."

அவர் எழுந்து போய், மசியில் வரைந்த மூலப்படத்தை எடுத்துவந்தார். பத்திரிகைப் படத்தைப் போல இரண்டு மடங்கு பெரியது. கிழவியின் கைவிரல்கள் அவன் தோளைப் பற்றியிருந்த விதம் அதில்தான் நன்றாகத் தெரிந்தது. அதிலும் புருவம் முழுசாக இருந்தது. ஆபீஸ் பிரதி ஒன்றையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அதிலும் வெட்டு இல்லை. எங்கள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டுவிரல் நகத்தால் அந்தப் புருவத்தை மெல்லச் சுரண்டினார். வைக்கோல் துரும்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் நகத்தோடு வந்தது.

"காகிதம் மட்டம்மா, யுத்தக் காகிதம்" என்றார். "துரும்பு அரையாம அப்படியே இருக்கும். அது மேல மை ஒட்டாது. உங்களுக்கு வந்த இந்தத் தாள்ல மட்டும்..."

துரும்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது.

அம்மா அழவில்லை. பென்சில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்தப் புள்ள ஊரு போயி சேந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா. ரயில்லேர்ந்து ஒரு கிழவியத் தாங்கிப் பிடிச்சு இறக்கினான். பாட்டியான்னு கேட்டேன். இல்ல, வழியில ஒக்காந்திருந்தாங்க, தூக்கிக்கிட்டு வந்தேன்னான். டீ வாங்கிக் குடிச்சான். நான் வரையறதப் பார்த்துச் சிரிச்சான்."

"சிரிச்சானா."

"சிரிச்சான்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் சட்டென்று ஒரு புதுத் தாளை எடுத்தார். "உங்க பிள்ளை எப்படி இருப்பான்னு சொல்லுங்க. நான் போட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

நாங்கள் சொன்னோம். மூக்கு என்னோட மூக்குதான் என்றாள் அம்மா. அவர் அம்மாவைப் பார்த்து அந்த மூக்கைப் போட்டார். நெற்றி அவங்க நைனா மாதிரி என்றாள். நைனாவை அவர் பார்த்ததில்லை. கண் எப்படி என்று கேட்டார். "நல்ல கண்ணு சாமி" என்றாள். என்னைக் கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. அண்ணன் விசில் அடிப்பது நினைவிருந்தது. கோட்டைக்குள் செட்டிக்குளத்தில் அவன் தண்ணீரில் விழுகிற சத்தம் நினைவிருந்தது. சட்டையின் நீலக் கட்டம்கூட நினைவிருந்தது. அவன் முகத்தை நான் ஒருபோதும் ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்ததில்லை. அட்டையில் வந்த எந்தெந்தப் பெண்களின் முகங்களையோ மணிக்கணக்காகப் பார்த்தவள் நான்.

அவர் நான்கு தாள் மாற்றினார். நான்காவதில் ஒருவன் இருந்தான். அவன் யாரோ ஒருவன். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"போதும் சாமி. உங்களுக்கு வேல கெடக்கும்."

அவர் எழுந்து, கிழவியைச் சுமந்து வருகிற மூலப்படத்தை அம்மாவிடம் நீட்டினார். "இத வச்சுக்குங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளை வர்ணக் கிண்ணத்தில் தூரிகையை நனைத்து, "வேணும்னா அந்தப் புருவத்துல நானே ஒரு..." என்று படத்தருகே கொண்டுபோனார்.

அம்மா பதறி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் வேணாம். அது அந்தப் புள்ள மூஞ்சி. அவன் ஆத்தா பாத்தா தெரிய வேணாமா?"

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை தரையில் விழுந்தது. அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அம்மா அழுதாள். டிராம் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தை அம்மா ஆண்டவர் படத்துக்கு அடுத்த ஆணியில் மாட்டினாள். நைனா அதைப் பார்க்கவேயில்லை. உண்மையாகவே அந்தச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பாமல் சாப்பிட்டு எழுந்துபோவார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்து வீடு மந்திரிக்க வந்த கோவில் சாமியார், தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர், படத்தின் முன்னால் நின்றார். ஏதோ புனிதர் படம் என்று நினைத்துவிட்டார்.

"இது எந்த அர்ச்சியசிஷ்டர்?"

"அர்ச்சியசிஷ்டர் இல்ல சாமி. யாரோ பெத்த புள்ள. பர்மாலேர்ந்து நடந்து வந்துச்சு."

சாமியார் சற்று யோசித்தார். பிறகு அந்தப் படத்துக்கும் தெளித்துவிட்டு நகர்ந்தார். ஒரு துளி கிழவியின் சேலைமேல் விழுந்து மசி லேசாகக் கலங்கியது. இரவு ஜெபத்தில் அம்மா அண்ணனுக்காக வேண்டின பிறகு, "அந்தப் புள்ளையும் வூடு போயி சேந்திருக்கணும் ஆண்டவரே" என்று சேர்த்துக்கொள்வாள். நானும் சொல்வேன். நைனா அந்த இடத்தில் மட்டும் பேசாமல் இருப்பார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம், மேல்மலையனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு வந்தார். அண்ணன் வேலை செய்த அதே மில்லில் மூட்டை தூக்கியவராம். பர்மாவிலிருந்து நடந்து வந்து, அஸ்ஸாமில் தோட்டங்களில் இருந்துவிட்டு, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளு குண்டு போட்டப்பவே, ஆத்தா" என்றார்.

அவராகவே சொன்னார். "பட்டப்பகலு. ஏரோப்ளேன் கூட்டமா வந்துச்சு. வெள்ளி மாதிரி மின்னுச்சு. அதுக்கு முன்னால நாங்க யாரும் அத்தன ஏரோப்ளேன ஒண்ணா பாத்ததில்ல. ஓடி ஒளியணும்னு தெரியல. ஊரே தெருவுல வந்து நின்னு அண்ணாந்து பாத்துச்சு. நம்ம தம்பிதான், மேல இருந்து பாத்தா நல்லா தெரியும்னு மில்லு கூரை மேல ஏறிடுச்சு. வான்னு என்னையும் கூப்பிட்டுச்சு."

நைனா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படியானால் அண்ணன் எந்தக் காட்டிலும் நடக்கவேயில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் கிடக்கவில்லை. கடைசிக் கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்த நாளில்கூட அவன் உயிரோடு இல்லை. நாலைந்து வருஷமாக நாங்கள் வேண்டிக்கொண்ட பயணம் ஒன்று நடக்கவே இல்லை.

வந்தவர் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுவருக்குத் திருப்பினார். படம் கண்ணில் பட்டது. எழுந்து கிட்டே போனார்.

"இது யாரு?"

"நடந்து வந்த புள்ள" என்றாள் அம்மா.

அவர் படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேற்றில் பதிந்த அந்தக் கால்களை ஒரு விரலால் தொட்டார். "இப்பிடித்தான் ஆத்தா இருந்துச்சு எங்க காலு. இப்பிடியேதான்" என்றார். அதுவரை அழாமல் செய்தி சொன்ன மனிதர் அந்தக் கால்களைத் தொட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுதபோதுதான் அம்மாவும் அழுதாள். நைனா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது நைனாவின் முகம் படத்துக்கு நேராக இருந்தது. அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குப் பூசை வைத்தோம். ஊர் முழுக்க வந்தது. ஜவுளிக்கடை அக்கா மாதா கோவில் வாசலுக்கு வெளியே மரத்தடியில் கடைசிவரை நின்றிருந்தாள். பிறகு அவள் பத்திரிகைகளில் வண்ணம் மறுபடி வர ஆரம்பித்தது. தாள் வழவழப்பானது. "பாரு, எவ்ளோ அழகு" என்று காட்டுவாள். அழகாகத்தான் இருந்தது. நானும் பார்ப்பேன். தலைப்பை மறைத்துக் கதை கட்டுகிற விளையாட்டை மட்டும் அவள் தொடங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செய்தி வந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளை நான் மறக்கவில்லை. மாலையில் தெருவே கல்லறைக்குப் போனது. அவரவர் தங்கள் மண்மேட்டைச் சுத்தம் செய்து, சாமந்தி தூவி, மெழுகுத்திரி ஏற்றி உட்கார்ந்தார்கள். சாமியார் ஒவ்வொரு மேடாக நின்று மந்திரித்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்கென்று எங்களுக்கு உட்கார ஒரு மேடு இல்லை. அம்மா கையில் பூவும் திரியும் வைத்துக்கொண்டு பாதையில் நின்றாள். தெரிந்தவர்கள் நகர்ந்து, "இங்க வந்து ஒக்காரு" என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அந்த நேரத்தில் அண்ணன் முகத்தை நினைத்துப் பார்க்க நான் முயன்றேன். கண்ணை மூடினால் அகலத் தாடையோடு சிரிக்கிற அந்த வேறு முகம்தான் வந்தது. எவ்வளவு தள்ளியும் அதுவே வந்தது. இன்றுவரை அதுதான் வருகிறது.

நைனா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நடந்து போய்ச் சுற்றுச்சுவர் ஓரத்தில், முள் மண்டிக் கிடந்த காலி இடத்தில் நின்றார். குனிந்து கையால் முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் உதவினேன். மண்ணைக் கூட்டிச் சின்னதாக ஒரு மேடு போட்டார். அதை இரண்டு கையாலும் தட்டிச் சமன் செய்தார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து திரியை ஏற்றினாள். காற்றில் அது இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை நைனா உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டார். சாமியார் எங்களிடம் வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.